நிற்கிற காளானில் சேதமில்லை

அறிவியலும் நிர்வாகமும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி நடைபெற வேண்டும் என்பது எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கொள்கை. நிலையம் தஞ்சாவூரில் இருக்கிறது, பெயர் வேண்டாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு நீட்டிப்பு கிடைக்காவிட்டால் மூன்று வருட ஆய்வு ரத்து.

வைக்கோலில் முளைக்கும் குடைக்காளானில் ஒரு நொதியை ஆராய்கிறேன். வித்து உண்டாகும்போது அது குரோமோசோம்களை ஆங்காங்கே வெட்டும். வெட்டுப்பட்டவை தத்தம் ஜோடியைத் தேடிப் பிடித்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டு, பிறகு ஒழுங்காகப் பிரியும். விண்ணப்பத்தில் இதை உள்ளபடி எழுதினேன். அதுதான் தப்பு.

விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் கண்காணிப்பாளர் சாமிதுரை சார் பதினெட்டு வருடம் பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் இருந்தவர். போதாததற்கு எங்கள் நிலையத்தில் இது ‘சேதமில்லா ஆய்வு’ ஆண்டு. எல்லார் சட்டையிலும் பச்சை வில்லை.

“ஏம்மா கயல்விழி, ஒரு செல்லுக்கு எத்தனை வெட்டு?”

“பல இடத்துல விழும் சார். தானா ஒட்டிக்கும்.”

“ஒட்டுனாலும் வெட்டு வெட்டுதான். வெட்டாம வேலை செய்யச் சொல்லு.”

“யாரைங்க சார்?”

“அந்த நொதியைத்தான்!”

நொதி சொன்னால் கேட்காது. ஆகவே நொதியே இல்லாத ரகத்தை வளர்த்தேன். ஒரு வெட்டும் விழவில்லை. குரோமோசோம்கள் ஜோடி சேராமல் கண்டபடி சிதறின. வித்து நிறைந்து கருக்க வேண்டிய குடை வெள்ளையாகவே நின்றது. கிடைத்த சில வித்துகளும் முளைக்கவில்லை.

சார் நேரில் பார்வையிட்டார்.

“பளிச்சுன்னு இருக்கே! நிக்குதா, சாஞ்சிருக்கா?”

“நிக்குதுங்க. ஆனா அத்தனையும் பதரு சார்.”

“நிக்கிற பயிருக்குச் சேதம் எழுதுற வழக்கமே இல்லம்மா. ஒரு சம்பாவுல மூவாயிரம் ஏக்கர் பதரு நிமிர்ந்து நின்னுச்சு. ஒரு வரி எழுதுனேனா?”

அந்த மூவாயிரத்தில் எங்கள் அப்பாவின் முக்கால் ஏக்கரும் உண்டு.

“முளைக்காததை எங்க எழுதுறதுங்க?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே.”

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. சேதம் விளைவிக்காத முன்மாதிரி ஆய்வு என்று பாராட்டி, இரண்டு ஆண்டு நீட்டிப்பு. புதிய தலைப்பு: வித்து ஏன் முளைக்கவில்லை என்று கண்டறிதல். நிபந்தனை ஒன்றுதான்: நொதி இல்லாததே காரணம் என்று முடிவு வரக்கூடாது.

மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டாவதில் அந்த நிபந்தனையை மறுபடி படித்தேன்.

“சீக்கிரம் போடுக்கா,” என்றாள் பின்னால் தன் நீட்டிப்பு விண்ணப்பத்தோடு நின்ற சக ஆய்வாளர் பர்வின். “அந்த வெட்டாத ரகத்துல எங்களுக்கும் கொஞ்சம் கொடு. பதினொரு பேர் வரிசையில இருக்கோம்.”