கல்யாணக் கிரீடமும் இயக்குநர் தொட்ட கொம்பும்

மைத்துனன் ஷெங்லினுக்கு, அக்காள் வீட்டுக்காரன் யூக்வெய் ஆசியோடு எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, எருமை மூவரும் நலம். தொழிற்சாலையில் நீயும் உன் வயிறும் நலமா?

எங்கள் மகள் நியாங்கின் கல்யாணம் அடுத்த வாரம் என்பது உனக்குத் தெரியும். அவள் சூட வேண்டிய வெள்ளிக் கிரீடம் மாவட்ட அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியாது. திட்டுவாய் என்று சொல்லவில்லை. நம் மியாவ் இன மக்களின் பெருமையை நவீனமாகக் காட்டப்போவதாக அதன் இயக்குநர் லியூ இரவல் கேட்டார், கொடுத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் இருட்டறை, நீல வெளிச்சம், ஒலிபெருக்கியில் நம் ஊர் அருவி. ஒரு திரைமுன் யார் நின்றாலும் தலையில் கிரீடம் முளைக்கிறது. எனக்கும் முளைத்தது, லட்சணமாகவே இருந்தது. ஆனால் கிரீடத்தின் இடப்பக்க நசுங்கலுக்கு ‘பிறைநிலா: முன்னோரின் வானறிவு’ என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அது போன புத்தாண்டில் நான் போதையில் உட்கார்ந்த இடம், மச்சான்.

திருப்பிக் கேட்டால் கண்காட்சியை நீட்டித்துவிட்டார்களாம். மணப்பெண் வெறுந்தலையோடு புறப்பட்டால் உன் அக்கா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள். கடைசியில் அவளே வழி கண்டாள். வாசலில் எருமைக் கொம்பில் சாராயம் நீட்டி வரவேற்பதையும் கண்காட்சியில் சேர்த்து, அதற்கு நம் ஊர்ப் பெண்களைத்தான் அமர்த்தியிருக்கிறார்கள். வாயால் உறிஞ்சினால் ஒரு மடக்கோடு போகும், கொம்பைக் கையால் தொட்டவன் முழுதும் குடித்தாக வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன கல்யாணத்தில் உன்னைத் தூக்கிவந்தவன் நான்தான்.

நேற்று மாகாணத் தலைநகரிலிருந்து புகைப்படக்காரர்கள் வந்தார்கள். லியூ மரியாதை தெரிந்த மனிதர், உன் அக்கா நீட்டிய கொம்பை இரு கையாலும் வாங்கினார். பெண்கள் சுற்றி நின்று பாட ஆரம்பித்தார்கள்.

“கை வச்சிட்டீங்களே ஐயா. பாதியில விட்டா உங்க கண்காட்சிக்குத்தான் அசிங்கம்,” என்றாள் உன் அக்கா, வெகு அடக்கமாக.

குடித்தார். இரண்டாவது கொம்பை அவரே தேடித் தொட்டார். துணைக்கு நானும் ஒன்றைத் தொட்டேன். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார்.

“நம்ம பொண்ணுக்குக் கல்யாணம், கிரீடம் கண்ணாடிக்குள்ள கெடக்குது. நானெல்லாம் மனுசனா?” என்று பெட்டியைத் திறந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். படம்கூட இருக்கிறது.

ஆகவே கவலையில்லாமல் புறப்பட்டு வா. உனக்கு நீண்ட விடுப்பும் உன் முதலாளிக்கு நல்ல மனசும் வாய்க்க முன்னோர் அருளட்டும்.

இப்படிக்கு,
பான் யூக்வெய்

பின்குறிப்பு: போதை தெளிந்து கிரீடத்தைத் தூக்கினேன். காற்றாக இருக்கிறது, வெறும் தகரம். லியூவுக்குத் தொலைபேசினால், பெட்டியில் இருந்தது நகலாம், அசல் கிடங்கில் பத்திரமாம். நான் உட்கார்ந்த நசுங்கலைக்கூட விடாமல் செய்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நியாங்கோ அதைச் சூடிக்கொண்டு முற்றமெல்லாம் ஆடுகிறாள். “கழுத்து வலிக்கவே இல்லப்பா. அசலை அவங்களே வச்சிக்கட்டும்,” என்கிறாள். உன் அக்கா இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. அவளிடம் சொல்லும் பொறுப்பைத் தாய்மாமனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.