கடைசியாகத் தொட்டவர்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் இதுவரை தவறு என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்ததாகச் சொல்லப்படும் தவறுகள் எல்லாம் நடந்த சமயத்தில் சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருந்திருக்கிறார். அல்லது அவருடைய நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. நாற்காலியில் ஆள் இருந்தாலும் கோப்பு வேறு அறையில் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட களங்கமற்ற அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தது ஒரு மென்பொருள். அதன் பெயர் 'பதிப்புக் காவலன்'.

எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று சொல்லும் விநியோக அட்டவணை ஒன்று அங்கே உண்டு. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதில் யாராவது ஒரு வரியை மாற்றினால், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஆயிற்று, மாற்றியவர் யார் என்று பதிப்புக் காவலன் நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய வரி வேண்டுமென்றால் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். மாற்றியவர் பெயர் மட்டும் ஆறு பொத்தான்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. யாரும் தோண்டியதில்லை. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், தட்டச்சரைத் தவிர.

தட்டச்சர் குடியிருந்தது பின்தெருவில். அட்டவணையின் 2307-ஆம் வரி இப்படிச் சொன்னது: 'பின்தெரு: குழாய்ப் பணி முடியும்வரை, வாரம் ஒரு நாள்.' குழாய்ப் பணி முடிந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. முடிந்ததற்கு நாடா வெட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள், கைதட்டினார்கள். வரியை எடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். மற்ற தெருக்களில் தினமும் தண்ணீர் ஓடியது. பின்தெருவின் முந்நூற்று நாற்பது வீடுகளில் வாசலுக்கு வாசல் நீல நிற பிளாஸ்டிக் டிரம் நின்றது.

"அந்த வரியை எடுத்துடலாமே சார்?" என்று தட்டச்சர் வருடத்துக்கு இரண்டு முறை கேட்பாள்.

"தாராளமா எடுக்கலாம்மா," என்பார் கண்காணிப்பாளர். "யாரு வச்சாங்களோ அவங்க வந்து எடுக்கட்டும்."

இந்த நிலையில்தான் ஏழாம் பதிப்பு வந்தது. அதை விளக்க மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் கழற்ற முடியாத சிரிப்பு. "நாம எல்லாருமே ஒரு பயணத்துல இருக்கோம்," என்றுதான் ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் பதினேழு முறை அந்தச் சொல் வரவே, அலுவலகம் அவளுக்குப் 'பயணம் மேடம்' என்று பெயர் சூட்டிவிட்டது.

மேம்பாடுகளும் திருத்தங்களும் வாசிக்கப்பட்டன.

"மேம்பாடு ஒன்று. மென்பொருள் இனி இரண்டு மடங்கு வேகமா வேலை செய்யும்."

அந்த வேகம் யாருக்கும் தேவைப்படாததால் எல்லோரும் மனமாரக் கைதட்டினார்கள்.

"மேம்பாடு இரண்டு. ஒரே வரியை ரெண்டு பேர் மாத்தினா, அவங்க ரெண்டு பேரையும் உட்காந்து பேசச் சொல்லும்."

"நாங்க ஒன்பது வருஷமாப் பேசறதில்லையே," என்றார் கணக்கர், எதிர் மேசையைப் பார்க்காமல்.

"மேம்பாடு மூணு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும், அதைக் கடைசியாத் தொட்டவங்க பேரு கொட்டை எழுத்துல தெரியும். ஒளிவு மறைவில்லாத பயணம்!"

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரையில் ஒவ்வொரு வரியும் தன் முதலாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றது. கண்காணிப்பாளருக்குப் பேயறைந்த முகம். அவருக்கு மட்டும் அறுநூற்றுச் சொச்சம் வரிகள். 2307-உம் அதில் ஒன்று.

மறுநாளிலிருந்து யாரும் எந்த வரியையும் தொடவில்லை. 'மறு உத்தரவு வரும்வரை எதையும் தொடக் கூடாது' என்று உத்தரவு போடலாம் என்றார் ஒருவர். அந்த உத்தரவை யார் எழுதுவது என்று கேட்டார் இன்னொருவர். ஆகவே அது வாய்மொழியாகவே பரவியது. முதலில் சொன்னது யார் என்பது இன்றுவரை தெரியாது.

விமோசனம், பயிற்சிக்காக இன்னும் அங்கேயே இருந்த பயணம் மேடத்தின் வாயிலிருந்தே வந்தது. "ஒரு சின்னப் பிழை இருக்கு. அடுத்த பதிப்புல சரியாயிடும். வரியோட கடைசியில சும்மா ஒரு வெற்றிடம், அதாவது ஸ்பேஸ், தட்டினாலும், தட்டினவங்க பேருதான் விழும்."

எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பி, தட்டச்சரின் மேசையில் போய் நின்றன.

"நம்ம அட்டவணை பாக்க அழகாவே இல்லம்மா," என்றார் கண்காணிப்பாளர் அன்றைக்கு மாலையே. "ஒவ்வொரு வரிக்குக் கடைசியிலயும் ஒரு வெற்றிடம் தட்டிடு. அழகியல் சீரமைப்பு."

"கடைசியில தட்டினா கண்ணுக்கே தெரியாதே சார்?"

"கண்ணுக்குத் தெரியாத அழகுதாம்மா உயர்ந்தது."

"எழுத்துல குடுத்திடுங்க சார்."

"அழகுக்கு எதுக்கும்மா எழுத்து? உன் பணி நீட்டிப்புத் தாள் இன்னும் என் மேசையிலதான் இருக்கு, பாத்தியா?"

பார்த்தாள். பயணம் மேடம் ஒரே நொடியில் செய்துவிடலாம் என்றாள். ஒரு நொடியில் முடிகிற வேலை அலுவலக வேலையே அல்ல என்று கண்காணிப்பாளர் விளக்கினார். கையால் தட்டியதில் ஒன்பது நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் 2307-க்கு வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. அங்கேயும் தட்டினாள். ஒன்பதாம் நாள் மாலை, ஊரின் தண்ணீர் முழுவதற்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு, அதுவும் ஒரு தட்டச்சர் என்று ஆயிற்று. அதிகாரிகள் தேநீர் வரவழைத்துக் குடித்தார்கள்.

அடுத்த வாரம் பின்தெரு மக்கள் வழக்கம்போல் மனுவோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் தெருச் சங்கத் தலைவர். முப்பது வருடமாகக் கோஷம் போட்டே தொண்டை கரகரத்துப்போனவர். அவரை ஊரில் 'முழக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்கமாக அவர்களை மேசை மேசையாக அலையவிடும் கண்காணிப்பாளர், அன்று உட்காரவைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, உங்க வரி. பக்கத்துல யாரு பேரு? உங்க தெருக்காரம்மாதான். எங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்?"

அன்று மாலை அவள் வீட்டுக்கு முன்னால் டிரம்களைத் தட்டித் தாளம் போட்டார்கள். உள்ளே நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் அண்ணி, பதினோரு வருஷமா என்கூட வாளி தூக்கினீங்களே. தண்ணியை நிறுத்தினதே நீங்கதானா?"

"நான் ஒரு வெற்றிடம் தட்டினேன்டீ. அவ்வளவுதான்."

"அதுக்கா இவ்வளவு பேரு திட்றாங்க? அப்ப ஏதாவது எழுதியே திட்டு வாங்கியிருக்கலாமே!"

தட்டச்சர் அதை நினைத்தபடியே மறுநாள் வேலைக்குப் போனாள். யோசிக்க யோசிக்க அதில் ஓட்டையே தெரியவில்லை. ஒரு வரியைத் தொட்டால் பெயர் விழும். பெயர் ஏற்கெனவே விழுந்தாயிற்று. விழுந்த பெயர் இரண்டாம் முறை விழுந்தால் கூடுதலாக என்ன வலிக்கப் போகிறது? 2307-ஐத் திறந்தாள். 'குழாய்ப் பணி முடியும்வரை, வாரம் ஒரு நாள்' என்பதை அழித்து, 'தினமும்' என்று தட்டினாள். மென்பொருள் காரணம் கேட்டது. 'குழாய்ப் பணி முடிந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது' என்று எழுதினாள்.

புதிய தாள் அச்சாகி வால்வுக்காரரிடம் போயிற்று. "தாள் சொல்லுது, நான் திருகறேன்," என்று அவர் திருகினார்.

பின்தெருவில் புதன்கிழமை தண்ணீர் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தபோதுதான் ஜனங்கள் நம்பினார்கள். நாத்தனார் தலைக்குக் குளித்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை குளித்தாள். சனிக்கிழமை தெருவே கூடி, டிரம்களின் அடியில் ஓட்டை போட்டுப் பூச்செடி வைத்தது.

மேட்டுத்தெருவில் அலுவலகப் பொறியாளர் வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் தண்ணீர் குறைந்தது. பொறியாளர் நேரே கண்காணிப்பாளர் அறைக்கு வந்தார்.

"பழைய வரியைத் திரும்ப வச்சிடுங்க."

"ஒரு பொத்தான்தான் சார். அழுத்தினவங்க பேரு மட்டும் விழும்."

"விழட்டுமே. உங்க பேருதானே."

"காரணமும் எழுதணும் சார். தண்ணியை ஏன் நிறுத்தினோம்னு."

"'பொதுநலம் கருதி'ன்னு போடுங்க."

"குறைஞ்சது இருபது எழுத்து கேக்குது சார். பொதுநலம் வெற்றிடத்தோட சேத்தும் ஒன்பதோட நின்னுடுது. நீங்களே உங்க கையால ஒரு தடவை..."

"எனக்கு மணிக்கட்டு வலி," என்று பொறியாளர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

தட்டச்சரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுத்தில் உத்தரவு கேட்டாள். உத்தரவில் கையெழுத்து வேண்டும். கையெழுத்து என்பதும் பெயர்தான். பணி நீட்டிப்பை நிறுத்தலாம் என்றால், அதற்கும் ஒரு தாள், ஒரு காரணம், ஒரு பெயர். இப்படியாக, அந்த அலுவலகத்தின் கோழைத்தனம் முதல்முறையாக ஒரு தெருவுக்குத் தண்ணீர் வார்த்தது. பல மாமனிதர்களின் வீரத்தால் ஆகாத காரியம் அது.

மூன்று வாரம் கழித்துப் பயணம் மேடம் மறுபடி வந்தாள். ஏழாம் பதிப்பிலிருந்த குறைகள் பயனர்களின் பரிந்துரைப்படி சரிசெய்யப்பட்டுவிட்டன என்றாள். பரிந்துரைத்தவர் பெயர் போட்டிருக்கவில்லை.

"திருத்தம் ஒன்று. வெற்றிடம் தட்டினா இனிமே பேரு விழாது. பழையவங்க பேரே திரும்ப வந்துடும்."

அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"திருத்தம் ரெண்டு. ஒரு வருஷத்துக்கு மேல பழசான வரியில எல்லாம், பேருக்குப் பதிலா 'தானியங்கி'ன்னு காட்டும்."

அறை மூச்சை விட்டது. அங்கே ஒரு வருடத்துக்குள் வரியைத் தொட்ட அதிகாரி யாரும் இல்லை.

"மேம்பாடு! மக்களும் நம்மகூடப் பயணிக்கணும் இல்லையா? மக்களுக்காகச் செய்யற எந்த மாற்றத்தையும், ஏற்கெனவே செஞ்சதா இருந்தாலும், அந்தத் தெருவுல குடியிருக்கற யாராவது ஒருத்தர் ஏழு நாளுக்குள்ள தன் பேரைப் போட்டு உறுதிசெய்யணும். மாத்தினவங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் போடக் கூடாது. யாருமே போடலைன்னா பழைய வரி தானாவே திரும்பிடும். தொட்டவர் பேரு, தானியங்கி."

கண்காணிப்பாளருக்கு உச்சி குளிர்ந்தது. தட்டச்சருக்கு அதைவிடக் குளிர்ந்தது. முந்நூற்று நாற்பது வீடு, ஒரே ஒரு பெயர். ஏழு நாள் எதற்கு, ஏழு நிமிடம் போதாதா?

அன்று மாலையே தெருமுனையில் கூட்டம் போட்டார்கள். முழக்கம் முக்கால் மணி நேரம் பேசினார். அதிகாரத்தின் முகமூடியைக் கிழித்தார். நாத்தனார் முன்னால் வந்து உறுதிப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"போடுங்கண்ணே, உங்க பேரை."

"நான் போடக் கூடாதும்மா. தலைவர் பேரு போட்டா இது தலைவரோட சொந்த விஷயமாயிடும். பொது விஷயத்துல பொதுஜனம்தான் போடணும்."

பேனா பொதுஜனத்திடம் போயிற்று. கடைக்காரருக்கு அடுத்த மாதம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாத்தியாரின் மகன் ஏதோ வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். வாடகைக்காரர், "வீட்டுக்காரர்தானே போடணும்," என்றார். வீட்டுக்காரர், "குடிக்கிறது நீங்கதானேய்யா," என்றார்.

"அந்தம்மா பேருதான் ஏற்கெனவே இருக்கே. ஒரு பேரு போதாதாமா?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"ஊரே சேந்து குளிச்சீங்களேய்யா," என்று கத்தினாள் நாத்தனார். "குளிக்கும்போது மட்டும் எல்லாரும் வந்தீங்களே!"

"நீ போடேன்."

"எனக்கு உரிமை இல்லைன்னு எழுதியிருக்கே!"

"உரிமை இல்லாதவங்களுக்குத்தான் வாய் நீளம்," என்றார்கள்.

கூட்டம் வீணாகிவிடவில்லை. பெயர் போடப்போகும் அந்தத் தியாகி யாராக இருந்தாலும் அவருக்குத் தெருவின் மனமார்ந்த நன்றி என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் பெயரைத் தீர்மானத்தில் குறிக்க வேண்டாம் என்பதும் ஒருமனதாகவே நிறைவேறியது.

ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் தட்டச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தினமும்' போயிற்று. பதினோரு வருடத்துப் பழைய வரி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பக்கத்தில் தானியங்கி. அவள் பெயர் அங்கே இல்லவே இல்லை.

மறுநாள் பின்தெரு கொதித்து எழுந்தது. வாளி, குடம், ஓட்டை போட்ட டிரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, குழந்தை குட்டியோடு அலுவலக வாசலில் கூடிவிட்டார்கள். முழக்கம் உள்ளே வந்து தட்டச்சரின் மேசையில் ஒரு மனுவை வைத்தார். நான்கு பக்கம். நெருப்பாக எழுதியிருந்தார்கள். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'இப்படிக்கு, பின்தெருப் பொதுமக்கள்.'

"கையெழுத்து எங்கண்ணே?"

"எல்லாரும்தாம்மா. வாசல்ல நிக்கறாங்களே, பாக்கலையா?"

அவள் பதிவேட்டை எடுத்தாள். 'மனுதாரர்' என்ற கட்டத்தில் 'தானியங்கி' என்று எழுதினாள். அடுத்த கட்டம் 'பெற்றுக்கொண்டவர்'. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகளில் தன் பெயரைச் சுமந்த கை அங்கே சற்று நேரம் நின்றது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அலுவலக முத்திரையை எடுத்துக் குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

முழக்கம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல உன் பேரு இல்லையேம்மா? நாளைக்கு நாங்க யாரைப் போய்க் கேக்கறது?"

"தானியங்கியைக் கேளுங்கண்ணே."

அவர் வெளியே போய்க் கையை உயர்த்தினார். "தானியங்கியே, பதில் சொல்!" என்று தெரு முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முந்நூற்று நாற்பது வீட்டுக் குரலும் ஒன்றாகக் கலந்திருந்ததால், அதில் எது யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.