சம்பந்தியும் ஆங்கிலக் கூமுட்டையும்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது முற்றியது, வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. விதிமுறைகளை ஒப்பிக்க ஆளில்லை. போதாக்குறைக்கு, பொழுது போகாமல் ஒரு தடித்த ஆங்கில அகராதியை வேறு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தருமபுரி வீட்டுக்கு மனைவி, மச்சானோடு வந்தார், கம்பைநல்லூரில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தவர். அவர் மகனும் என் மகளும் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள். மனிதர் முடியவே முடியாது என்று நின்று, அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

(மாற்றியிருக்கலாம்.)

நான் திருமணப் பதிவு நடைமுறையை ஆரம்பித்தேன். எதற்கு அசல், எதற்கு நகல், சாட்சிகளுக்கு என்ன அடையாளம்...

"இருங்க சம்பந்தி, தலையே கொழம்பிப் போச்சுங்க."

"இதுக்கு இங்கிலீஷ்ல பழைய வார்த்தை ஒண்ணு இருக்குதுங்க. ஆடில்டு!"

"அப்படின்னா?"

"மொதல்ல சாக்கடைச் சேறுன்னு அர்த்தம். அப்புறம் அழுகுன முட்டை. அதுக்கப்புறந்தான் கொழம்புன தலை. நம்ம பேச்சுல சொன்னா..." பொருத்தமான சொல் கிடைத்த சந்தோஷத்தில் குரலை உயர்த்தினேன். "கூமுட்டை!"

அவருடைய மச்சான் எழுந்துவிட்டார். "யாரைக் கூமுட்டைங்கறீங்க?"

"ஐயோ, உங்க மச்சானைச் சொல்லலைங்க. அவரு தலையைத்தான் சொன்னேன்."

(இதைச் சமாதானம் என்று நினைத்தேன்.) பதற்றத்தில் சொல்லின் பூர்வீகத்துக்கு ஓடினேன். கிரேக்கர்கள் காற்று முட்டை என்றதை ரோமானியர்கள் குழப்பி மூத்திர முட்டை ஆக்கிவிட்டார்கள், ஆகவே தப்பு ரோமானியர்களுடையது என்று விளக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா, கடித்த லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். என் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மாமா, உங்க பண்ணையில கூமுட்டையை எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னை, நிதானமாக.

"ஆட்டிப் பாப்பம்மா. நல்ல முட்டை கம்முனு இருக்கும். கூமுட்டைதான் சும்மா களக் களக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே கெடக்கும்."

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு எழுந்து நின்ற மச்சான் உட்கார்ந்து சிரித்தார். எதற்கு என்று எனக்குப் பிடிபடுவதற்குள் தட்டு மாறிவிட்டது.

இப்போதும் நான் ஏதாவது நடைமுறையை ஆரம்பித்தால், பேத்தி ஓடி வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள்.

"அம்மா, சத்தம் வருதும்மா!"