நாற்பத்தொரு இலைகள்

எழுபத்தொரு மணி நேரமாக, வடதுருவத்தை ஒட்டிய குசிவாரா ஊர் வானத்தில் ஓர் இளஞ்சிவப்புத் தூண் நின்றுகொண்டிருந்தது. அது தன் வீட்டுப் பரணிலிருந்துதான் கிளம்புகிறது என்பது ஆர்மஸுக்கு மட்டும் தெரியும்.

மற்றவர்கள் அதை நரித்தீ என்றார்கள்; வடதுருவ ஒளிக்கு அங்கே அதுதான் பெயர். பச்சை நரித்தீ குளிர்காலம் முழுக்க வந்துபோகும். ஊர்க்காரர்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். இப்படி இளஞ்சிவப்பில், அசையாமல், நட்டுவைத்தது போல் ஒன்று நின்றதில்லை. உறைந்த ஏரியின் மேல் நின்று பார்த்தால், ஆர்மஸ் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் அது முளைத்திருப்பதாகத் தோன்றியது. ஊரில் வேன் ஓட்டும் யூசோ சுற்றுலாப் பயணிகளை நடை நடையாக ஏரிக்கு ஏற்றிப் போனான்.

மூன்று நாளாகக் குளிர் மைனஸ் முப்பத்தொன்று. காற்றே இல்லை. அந்தரத்தில் பனித்தூள் மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தூளும் ஒரு சின்னக் கண்ணாடி. கீழிருந்து விளக்கு அடித்தால் தூண் தெரியும், அவ்வளவுதான். ஆர்மஸ் இளஞ்சிவப்பில் எரியும் செடி வளர்ப்பு விளக்கு ஒன்றை வாங்கியிருந்தார். தொங்கவிட ஆணி கிடைக்காததால் அதைத் தரையில் வைத்து, கூரை ஜன்னலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்.

அணைத்துவிடலாம். அணைத்தால் பரணின் குளிரில் எலுமிச்சை செத்துவிடும்.

எலுமிச்சை மனைவி இர்மெலியுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு விதையை ஊன்றி அவர் வளர்த்தது. செப்டம்பரில் இர்மெலி தெற்கே துர்க்கு நகரத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னார்.

"உனக்குக் கண்ணு இருக்கு ஆர்மஸ். பார்க்கத்தான் தெரியல."

"காபி ஆறுது" என்றார் ஆர்மஸ். அதற்கப்புறம் அந்தப் பதிலை நினைக்காத நாளில்லை.

முப்பத்துநாலு வருஷம் ஊர்ச் சாலையைப் பராமரித்தவர் அவர். குளிர்காலத்தில் பனி தள்ளுவார், கோடையில் சாலையோரத்து வில்லோ புதர்களை வெட்டுவார். கண் எப்போதும் சாலை விளிம்பில். இர்மெலி போன பிறகுதான் முதல்முறையாகப் பரணில் ஏறி அந்தத் தொட்டியைப் பார்த்தார். அக்டோபரில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியதும் பதறிப்போய் விளக்கு வாங்கினார். செடி துளிர்த்தது. நன்றாகத் தழைத்த பிறகு, போன சனிக்கிழமை துர்க்குவுக்குப் போன் போட்டார்.

"உன் எலுமிச்சை நல்லா இருக்கு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"எலுமிச்சையா?"

"ஆமா. நான்தான் பார்த்துக்கறேன்."

"எத்தன இல இருக்கு?"

ஏறிப்போய் எண்ணிவிட்டு வந்தார். "நாப்பத்தொண்ணு."

"வெள்ளிக்கெழம வரேன். எனக்கும் அதப் பார்க்கணும் போல இருக்கு."

இன்று புதன்.

தொட்டி ஏணி வழியாக இறங்காது. அதனால் முதல் நாளே ஆர்மஸ் வெளிச்சத்தை அடைக்க முயன்றார். சமையல் அலுமினியத் தாளைச் சுவரெங்கும் ஒட்டி, விளக்கைச் சுற்றியும் வளைத்துவைத்தார். சிதறிப் போய்க்கொண்டிருந்த வெளிச்சமும் சேர்ந்து மேலே போனது. கால் மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யூசோ எழுதினான்: "ரெண்டு மடங்கு பிரகாசம்! ஓடி வாங்க!"

அடுத்து, இர்மெலியின் கம்பளிப் போர்வையை ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார். ஆணி இப்போது கிடைத்தது. போர்வை நழுவி விளக்கின் மேல் விழுந்து, நடுவில் ஒரு தட்டு அளவுக்குப் பொசுங்கியது. அதை நான்காக மடித்து அலமாரியின் அடியில் வைத்தார்.

மூன்றாவதாக, கூரையில் ஏறி ஜன்னல் மேல் பனியை அள்ளிக் கொட்டினார். சூட்டில் அது உருகியது. நீர் விளிம்பு வழியாகச் சொட்டி விளக்கின் இணைப்பில் இறங்க, விளக்கு சிமிட்டத் தொடங்கியது. ஏரியிலிருந்து கைதட்டல் கேட்டது.

"துடிக்குது! உயிரோட இருக்கு!" என்று யூசோ யாரிடமோ கத்துவதும் கேட்டது.

துடைத்துச் சரிசெய்து கீழே வந்தபோது குழுவில் புதிய அறிவிப்பு. இன்று மாலை ஐந்து மணிக்கு ஊரே எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆள் வந்து தூணை அளக்கப்போகிறார். வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பது கடை வைத்திருக்கும் ஹில்க்கா, இர்மெலியின் நெருங்கிய தோழி.

ஐந்தடிக்கக் கால் மணி இருக்கையில் ஹில்க்கா வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், ஊரே இருட்டா கெடக்கு. ஒன் பரண் மட்டும் டான்ஸ் ஹால் மாதிரி இருக்கு. அணை."

"முடியாது."

"அணைச்சா பில்லுதானே கொறையும், ஒனக்கென்ன கஷ்டம்?"

"அணைச்சா அந்தத் தூணும் போயிடும், ஹில்க்கா."

ஹில்க்கா கூரையைப் பார்த்தார். ஆர்மஸைப் பார்த்தார். மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அடப்பாவி. என் கடைல மெழுகுவத்தி ஒண்ணு மிச்சமில்லாம வித்துப்போச்சு. ஒன் விளக்காலயா?"

"யூசோகிட்ட நானே சொல்லிடறேன். அளக்க வர்றவர்கிட்டயும் சொல்றேன். ஊரே சிரிக்கட்டும். வெள்ளிக்கெழம வரைக்கும் மட்டும் விட்டுடு. இர்மெலி வரா. அந்தச் செடி உயிரோட இருக்கணும்."

"எந்தச் செடி?"

"எலுமிச்சை."

ஹில்க்கா எழுந்து ஏணியில் ஏறினார். ஆர்மஸ் பின்னால் ஏறினார். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் செடி செழிப்பாக நின்றது. இலைகளை ஆர்மஸ் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். ஹில்க்கா ஓர் இலையைப் புரட்டினார். அடிப்பக்கம் வெள்ளை ரோமம். கசக்கி முகர்ந்தார்.

"இத மோந்து பார்த்தியா?"

"அக்டோபர்லேர்ந்து ஜலதோஷம்."

"ஆர்மஸ், இது வில்லோ. ஜூன் மாசம் பஞ்சு பறக்கும்ல, ஜன்னல் வழியா ஒரு வெத உள்ள வந்து விழுந்திருக்கும். பனிக்குள்ள தூக்கிப் போட்டாலும் இது சாகாது. முப்பத்துநாலு வருஷமா வெட்டின செடி, ஒனக்கே அடையாளம் தெரியலயா?"

ஆர்மஸ் அந்த இலைகளைப் பார்த்தார். கீழே எங்கோ யூசோவின் வேன் ஹாரன் அடித்தது.

"அப்ப எலுமிச்சை?" என்றார்.

ஹில்க்கா கசக்கிய இலையைத் தொட்டியில் போட்டார்.

"அது பட்டுப்போய் மூணு வருஷம் ஆச்சு. ஒரு நாள் நீயா கவனிச்சு, 'செடிக்கு என்ன ஆச்சு'ன்னு கேட்பியான்னு இர்மெலி செப்டம்பர் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா."