கரண்டி கையில் இல்லாதவனின் கடிதம்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா, அக்கா சௌகரியமா, பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். அதற்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் வீட்டில் எனக்குப் பேச அனுமதி இல்லை, மச்சான். எழுதுவதற்குத்தான் இன்னும் யாரும் தடை போடவில்லை.

எல்லாம் நீங்கள் சிபாரிசு செய்த மழலையர் பள்ளியால் வந்த வினை. "எழுத்து எப்ப வேணா வரும் மாப்பிள்ளை, குணம் இந்த வயசுலதான் வரும்" என்று சொல்லி என் தலையில் கட்டினீர்கள். நாலு வயதுப் பெண் ஒரு 'அ' எழுதிக் காட்டுவாள் என்று பார்த்தால், அங்கே மாதத்துக்கு ஒரு நல்ல பழக்கமாம். பகிர்ந்துகொள்ளும் மாதத்தில் என் குடையைத் தூக்கித் தபால்காரரிடம் கொடுத்துவிட்டாள். உண்மை பேசும் மாதத்தில் வீட்டுக்கு வந்த என் பெரியப்பாவிடம், "நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு அப்பா அம்மாகிட்ட கேட்டாங்க தாத்தா" என்றாள். அவர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தேன். அடுத்த மாதம் வந்தது பாருங்கள், 'பிறர் பேசும்போது கேட்பது' என்று ஒன்று. அதோடு என் கதை முடிந்தது.

பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுக் குழந்தைகளின் நாற்காலியில் உட்காரவைத்தார் டீச்சர். உட்கார்ந்தேன், எழப் பார்த்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. டீச்சர் ஒரு மர வாத்தைக் காட்டி, இது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், வீட்டிலும் இப்படியே செய்யுங்கள், வீட்டில் நடக்காத எதுவும் குழந்தை மனதில் தங்காது என்றார். "அதெல்லாம் சரி டீச்சர்..." என்று நான் ஆரம்பித்தேன். என் மகள் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "அப்பா, வாத்து உங்ககிட்ட இல்ல" என்றாள். பார்சல் ஆபீசில் லாரி டிரைவர்கள் அத்தனை பேரையும் ஒரே அதட்டலில் அடக்குகிறவன் நான். அசடு வழிய, நாற்காலியோடு நாற்காலியாக அடங்கிவிட்டேன்.

வீட்டில் வாத்து ஏது? அதனால் குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கரண்டி கூடத்திலும், சட்டி அடுப்பிலும், அடிப்பிடித்தது என் தட்டிலுமாகக் காலம் ஓடுகிறது. என் முறை வந்தாலும் அதிக நேரம் நிலைப்பதில்லை. நான் பேசுவது பேச்சில்லையாம், அதட்டலாம். அதட்டினால் கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். மின்விசிறி சுற்றவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் கையில் கரண்டியைக் கொடுத்து உட்காரவைத்தாள். அந்த ஆள் தம்பியோடு ஏற்பட்ட மனஸ்தாபத்திலிருந்து மாமனார் வீட்டில் பட்ட அவமானம் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று போயே போய்விட்டார். மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.

அடுத்தது வீட்டுக்காரர். மாடியில் தண்ணீர் வீணாகிறது என்று சத்தம் போட வந்தவர், கரண்டி கைக்கு வந்ததும் கப்சிப். "மெதுவா சொல்லுங்க தாத்தா, நாங்க கேக்குறோம்" என்றாள் இவள். மனுஷன் கண் கலங்கிவிட்டார். அவர் வீட்டில் டிவியைத்தான் எல்லோரும் கேட்கிறார்களாம். இப்போது தினமும் சாயங்காலம் ஆனால் டாண் என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார். பேசும்போது கரண்டியை வேறு வீசுகிறார். பக்கத்தில் இருக்கிற நான்தான் குனிந்து நிமிர்ந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

இதுவரைக்கும்கூட உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். முந்தாநாள் கரண்டி உங்கள் தங்கையின் கைக்குப் போனது. ஏதோ மளிகைச் சமாச்சாரம் என்று நான் பாதியில் எழுந்தேன். குழந்தை சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். உங்கள் தங்கை என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"மூணு தடவை சொல்லிட்டேன். நான் முடிக்கிறதுக்குள்ள மூணு தடவையும் நீங்க வேற எதையோ பேச ஆரம்பிச்சிட்டீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல என்னை உதவி டீச்சரா கூப்பிட்டிருக்காங்க. நான் படிச்சது அதுக்குத்தான். திங்கக்கிழமையிலேருந்து போறேன்."

ஆடிப்போய்விட்டேன். நான் வாயைத் திறந்தேன். "அம்மா இன்னும் கரண்டியைக் கீழ வைக்கல" என்றாள் குழந்தை. உங்கள் தங்கை அதைக் கீழே வைக்கவே இல்லை, மச்சான். கையில் பிடித்தபடியே போய்ப் படுத்துவிட்டாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு வாத்து போதாதா? அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து அங்கிருந்து என்னென்ன கற்றுக்கொண்டு வருவார்களோ! ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தையையும் அங்கிருந்து நிறுத்தி, ஒழுங்காக வாய்ப்பாடு சொல்லித்தருகிற பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் உங்கள் பேச்சு எந்தக் குறையும் இல்லாமல் எடுபட ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
வாய் இருந்தும் பேசாத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குழந்தை வந்து என்ன செய்கிறேன் என்று கேட்டாள். மாமாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "கரண்டி இல்லாமலா?" என்று ஓடிப்போய் எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அம்மாவைக் கூட்டிவந்து எதிரில் உட்காரவைத்துத் தானும் கைகட்டி உட்கார்ந்து, "இப்ப அப்பா முறை. அதட்டாம சொன்னா யாரும் பிடுங்க மாட்டோம்" என்றாள். சரி, இன்றைக்கு விட்டேனா பார் என்று இந்தக் கடிதத்தையே முதலிலிருந்து படித்தேன். இருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் குறுக்கிடாமல் கேட்டால் நாம் சொல்வது நமக்கே கேட்டுத் தொலைக்கிறது, மச்சான். 'வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். எட்டரைக்கு என்றாள் உங்கள் தங்கை. நானும் அந்த நேரத்துக்குத்தான் கிளம்புகிறேன், இரண்டு பேரையும் வண்டியில் இறக்கிவிட்டுப் போய்விடுவேன். அதனால் மேலே எழுதியது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். அண்ணனும் படிக்கட்டும், அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாள் உங்கள் தங்கை. அடுத்த முறை வரும்போது ஒரு கரண்டி வாங்கி வாருங்கள், சமையலுக்கு வேண்டும்.