கதிர்க் கஞ்சனின் சிலைப் போட்டி

பிள்ளைகளே, செஞ்சியின் மூன்று மலையிலும் ஏறித் தேடினாலும் நாங்கள் 'கஞ்சன்' என்று கூப்பிடுபவர் மாதிரி ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது.

டீ வாங்கிக் கொடுப்பதில் அவர் வள்ளல். தன் பிரியாணியில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். கதிரில் மட்டும்தான் கஞ்சத்தனம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஸ்கேன் சென்டரில் சி.டி. ஸ்கேன் எடுப்பவர் அவர். எக்ஸ்ரே கதிரை விட்டு உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் வளைய மிஷின் அது. கதிர் அதிகமானால் உடம்புக்கு ஆகாது. ரொம்பக் குறைத்தால் படம் தெளியாது.

எங்கள் ஊர்க்காரர்களோ கதிரைச் சாம்பார் போல நினைப்பவர்கள்; கூட ஊற்றினால் நல்லதுதானே! தலை ஸ்கேனுக்கு வந்த பெரியவர் ஒருவர் படுத்தபடியே சொன்னார்: "அப்டியே முட்டியையும் சேத்து எடுத்துடுப்பா. வந்தது வந்துட்டேன்."

"இது இன்னா ஷேர் ஆட்டோவா பெரியவரே, போற வழியில முட்டியையும் ஏத்திக்க?" என்றார் கஞ்சன்.

தலை வளையத்தின் நட்டநடுவில் இருக்கிறதா என்று குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குறி வைப்பது போல. நெஞ்சு ஸ்கேன் என்றால் வராந்தாவிலேயே ஒத்திகை. "மூச்சப் புடி!" என்று அவர் கத்தினால், கூட வந்தவர்களும் சேர்ந்து பிடிப்பார்கள். கூரியர் கொடுக்க வந்தவர் ஒருமுறை கண் பிதுங்க நின்றார்.

போன வருஷம் என் மகள் கயல் கோட்டைப் படியில் உருண்டு விழுந்தாள். தலையில் அடி, வாந்தி வேறு. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. ஆறு வயசு, தூங்கும்போதுகூட அசையாமல் இருக்க மாட்டாள்.

"நல்லா நெறைய கதிர் விட்டு எடுங்க சார்" என்றேன்.

கஞ்சன் முறைத்தார். "சின்னப் புள்ளைக்கு விருந்தா வைக்கிறேன்? கம்மியா விட்டா படம் மணல் தூவுனாப்புல இருக்கும். அத கம்ப்யூட்டர் தொடச்சிடும். ஆனா புள்ள ஆடுச்சினா தொடைக்க முடியாது. மறுபடி எடுக்கணும். மறுபடின்னா கதிரும் டபுள்!"

பிறகு கயலிடம் குனிந்தார். "பாப்பா, சிலைப் போட்டி. நீயா, உங்க நைனாவா? யாரு மொதல்ல ஆடுறாங்களோ அவங்க அவுட்டு."

கதிர் என்மேல் படாமல் தடுக்க, அரிசி மூட்டை கனத்தில் ஒரு ஈய அங்கியை எனக்கு மாட்டி, அவள் கால்மாட்டில் நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் போய் மைக்கில் "சிலை!" என்றார். வளையம் உறுமியது. அந்த நேரம் பார்த்து என் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தது. கயல் கண்ணை மட்டும் தாழ்த்தி அதைப் பார்த்துவிட்டாள். நான் அசைந்தால் அவள் சிரிப்பாள். சிரித்தால் படம் போச்சு. குடி மகராசி, வயிறு நிறையக் குடி என்று நின்றேன்.

மிஷின் ஓய்ந்தது. "நைனா அவுட்டு! கண்ணு சிமிட்டிச்சி!" என்று கயல் கூவினாள்.

டாக்டர் அம்மா திரையில் படங்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"ரத்தம் எதுவும் இல்ல. படம் கண்ணாடி மாதிரி இருக்குது."

"ஒரே ஷாட்டு! கம்மிக் கதிரு!" வராந்தாவே அதிரும்படி கஞ்சன் விசில் அடித்தார். காரணம் தெரியாமலே அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "சார், எதுக்கும் இன்னொரு தடவ..."

அவர் கயலைத் தூக்கி என் தோளில் சாய்த்து, கதவைத் திறந்துவிட்டார்.

"கெளம்புய்யா. இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாது நீங்க."

அத்தனை அன்பாக என்னை யாரும் விரட்டியதில்லை.