ஓடுகிற பிள்ளையும் ஒளித்த ஷூவும்

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே என் மகனைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "அடுப்புல பால்க்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் அக்கா மகனுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் கால் முளைத்திருக்கிறது. இத்தனை வருஷமும் காலையில் ஓடப் போவான், பக்கத்து வீட்டு அம்மா காய்கறிப் பையோடு அவனைத் தாண்டிப் போவாள், தொப்பைக்கு நல்லது என்று நானும் பேசாமல் இருந்தேன். போன வாரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவன், ஓட்டத்தின் ருசியில் பஸ்ஸையும் தாண்டி அடுத்த நிறுத்தத்துக்கே போய்விட்டானாம். அன்றிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் வரை தலைதெறிக்க ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை, மறுபடி ஓட்டம். ஏதோ விபரீதம் என்று பேப்பர்காரர் பின்னால் ஓட, அவரைப் பார்த்துத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓட, நம் வாசலில்தான் மூச்சு வாங்க நின்றார்கள்.

"எதுக்கு சார் ஓடினீங்க?" என்று கேட்டார் பேப்பர்காரர்.

"சும்மாதான். நீங்க?"

"நீங்க ஓடினீங்களேன்னு!"

மேனேஜர் ஆனபின் பல்லையே காட்டாதவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்!

எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. அவன் அப்பா மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர்தானே, அப்புறம் எழுந்திருக்கவே இல்லையே. (நீ இரண்டு நாள் கழித்து வந்ததும் நினைவிருக்கிறது.) ஷூவை வாஷிங் மெஷினில் அழுக்குத் துணிக்கு அடியில் ஒளித்தேன். மருமகள் பார்க்காமல் பட்டனைத் தட்டிவிட்டாள், வீடே தடதடவென்று ஆடியது. "எனக்காக ஷூ துவைச்சியாம்மா!" என்று கட்டிக்கொள்கிறான். அப்புறம் எந்த வாயால் திட்டுவது? டாக்டரிடம் இழுத்துப் போனேன். சோதித்துவிட்டு, "நெஞ்சு நல்லாருக்கு, ஓடட்டும்மா" என்கிறார். மேஜைக்கு அடியில் பார்த்தால் அந்த ஆள் காலிலும் அதே ஷூ!

ஞாயிற்றுக்கிழமை பந்தயமாம். என் பேச்சு எடுபடாது, சித்தி சொன்னால் கேட்பான். "வேணாம்டா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டுக்காரருக்கும் என் அன்பு, குடையைத் திருப்பித் தந்தபிறகு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடப் போனேன். கம்பத்தடியில் நின்றவன், "அடுத்த கம்பம் வரைக்கும் வாம்மா" என்று கையை நீட்டினான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது நடை இல்லை. காதில் காற்று அடித்ததடி! அவனிடம் "வேணாம்டா" என்று சொல்லித் தொலைக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீயும் வா. பள்ளிக்கூடப் பந்தயத்தில் என் பாவாடையை மிதித்துத்தானே ஜெயித்தாய், அது இன்னும் தீரவில்லை. முழங்கால் என்று சாக்குச் சொல்லாதே. எங்கள் தெருவில் கம்பத்துக்குப் பஞ்சமில்லை.